கனவுக் குரல்

மௌனப் படங்கள் ஜப்பான் தேசத்தில் ஒருநாளும் மௌனமாக ஓடியதில்லை. மேல்நாடுகளிலும் படத்துக்கு விளக்கம் சொல்வோர் ஆரம்பத்தில் சிலகாலம் இருந்தார்கள், பிறகு மறைந்துபோனார்கள். பியானோவோ, பிடில் கோஷ்டியோ வாசித்தால் போதும் என்று அங்கே விட்டுவிட்டார்கள். ஜப்பானியருக்கு அது போதவில்லை. திரையின் ஒரு பக்கத்தில் சிறிய மேஜை ஒன்று போட்டிருக்கும். அதன்மேல் மங்கலான விளக்கு. அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டு, படம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரையில் பேசிக்கொண்டேயிருப்பார். கதாநாயகனும் அவர்தான், கதாநாயகியும் அவர்தான், குழந்தையும், கிழவியும், கொலைகாரனும் அவர்தான். வாய் திறந்து மூடும் நிழல்களுக்கெல்லாம் அவர் ஒருவரே குரல் கொடுப்பார். இடையிடையே கதையை நடத்திச் செல்பவரும் அவரே. இந்த மனிதருக்குப் 'பென்ஷி' என்று பெயர்.

இது ஜப்பானியருக்குப் புதிதும் அன்று. அவர்களுடைய 'புன்ராகு' என்னும் பொம்மலாட்டத்தில் பொம்மைகள் பேசுவதில்லை. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாகவதர், பக்கத்தில் ஒருவர் 'ஷாமிஸென்' வாத்தியம் வாசிக்க, எல்லாப் பொம்மைகளுக்காகவும் தாமே அழுது, தாமே சிரித்து, கதை சொல்லுவார். கண்ணுக்கு ஓர் உருவம், காதுக்கு வேறொருவர் குரல் என்னும் ஏற்பாட்டுக்கு அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். ஆகவே 1896, 97-ஆம் ஆண்டுகளில் ஸினிமா அங்கே வந்து சேர்ந்தபோது, திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. நாளடைவில் பென்ஷிகளின் பெயரைப் பார்த்தே ஜனங்கள் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். இன்ன படம் என்று கேட்பதைவிட, இன்று பேசுகிறவர் யார் என்று கேட்பதே வழக்கமாயிற்று. 1917-இல் டோக்கியோ போலீஸ் இலாகா, அநுமதிச் சீட்டில்லாதவர் பென்ஷியாகப் பேசலாகாது என்று விதி செய்தது என்றால், அந்தத் தொழிலின் செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம். 1927-ஆம் ஆண்டில் தேசமெங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பென்ஷிகள் இருந்தார்கள்.

அவர்கள் அத்தனைபேரிலும் தலைசிறந்தவர்களுள் ஒருவராய் விளங்கி, அந்தத் தொழில் அடியோடு அழிந்த பின்னும் தாம் அழியாமல் நின்றவர் டோகுகாவா முஸே. ஒரு தேசத்தின் காதுகளில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே குரல் குடியிருப்பது எளிய காரியமா? அந்தக் குரலின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவருடைய இயற்பெயர் புகுஹாரா டோஷியோ. 1894-ஆம் வருஷம் ஷிமானே மாகாணத்திலுள்ள மஸுதா என்னும் ஊரில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தாயைப் பிரிந்து, டோக்கியோவில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, தலைநகரின் முதல்தரமான நடுநிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அடுத்த படி 'முதலாம் உயர்தரப் பள்ளி'. அதில் நுழைந்துவிட்டால் டோக்கியோ சர்வகலாசாலை, அதற்கப்பால் சர்க்கார் உத்தியோகம் என்று ராஜபாட்டை திறந்துவிடும். அந்த வாசலில் பையன் தவறிவிட்டான். பிரவேசப் பரீட்சையில் தேறவில்லை.

பரீட்சையில் தவறிய பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை ஆசிரியத் தொழிலில் இருபது வருஷமாகப் பார்த்துவருகிறேன். சிலர் மறுபடியும் எழுதுவார்கள், சிலர் இடிந்துபோவார்கள், வெகு சிலருக்கு, தாங்கள் உண்மையில் விரும்பியது வேறு என்பது அப்போதுதான் புலப்படும். டோஷியோ அந்த வெகு சிலரில் ஒருவன். 'ரகுகோ' என்று ஜப்பானில் ஒரு கலையுண்டு. மெத்தையில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, ஒரு விசிறியையும் ஒரு கைக்குட்டையையும் மாத்திரம் துணையாகக் கொண்டு, ஒரே ஆள் பலபேராகப் பேசி ஹாஸ்யக் கதை சொல்வது. அதில் பையனுக்குத் தீராத மோகம். ரகுகோக் கலைஞனாகிறேன் என்று தகப்பனாரிடம் சொன்னான். தகப்பனார் சம்மதிக்கவில்லை. கௌரவமான குடும்பத்துப் பிள்ளை நாலுபேர் முகத்தைப் பார்க்கும்படி மேடையில் உட்கார்ந்து ஜனங்களைச் சிரிக்கவைப்பதாவது? வேண்டுமானால் பென்ஷியாகப் போகட்டும். அது இருட்டில் செய்கிற வேலை, முகம் வெளியே தெரியாது என்றாராம். பையனின் வாழ்க்கை இப்படியாக ஒரு தகப்பனாரின் வெட்கத்தினால் தீர்மானமாயிற்று.

1913-இல் தொழிலில் புகுந்தார். சில வருஷங்களில் அகஸாகா என்னும் பகுதியிலிருந்த 'அவோய்கான்' கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் அவருக்குப் பெயர் மாறியது. 'அவோய்' என்பது ஒரு செடி. அதன் இலை, ஜப்பானை இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட டோகுகாவா ஷோகுன் வம்சத்தாரின் குலச் சின்னம். கொட்டகையின் பெயர் அவோய் என்றால் அங்கே பேசுகிறவர் டோகுகாவாவாக இருப்பதுதானே பொருத்தம் என்று கொட்டகைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இளைஞரின் தலையில் ராஜ வம்சத்துப் பெயரைக் கட்டிவிட்டார்கள். 'முஸே' என்ற பின்பாதிக்கு, எழுதுகிற எழுத்தின்படி, 'கனவுக் குரல்' என்று பொருள். ஆனால் காதால் கேட்கும்போது அதே ஒலிக்கு 'குரலற்ற' என்று இன்னொரு பொருளும் உண்டு. மௌனப் படத்துக்கு ஜப்பானிய மொழியில் 'முஸே எய்கா' என்றுதான் பெயர். குரலை விற்றுப் பிழைக்கிறவருக்குக் குரலின்மை என்றும் ஒலிக்கிற பெயர்! வேடிக்கையாக வைத்த பெயர்தான். அவருடைய கலையின் ரகசியமோ அதற்குள்ளேயே அடங்கியிருந்தது.

அந்தக் காலத்துப் பென்ஷிகள் பெரும்பாலோர் வாரி இறைப்பவர்கள். படம் தொடங்குமுன் மேடையேறி நீண்ட முன்னுரை நிகழ்த்துவார்கள். படம் ஓடும்போது ஐந்து அசை, ஏழு அசை என்று தாளம் தவறாத வசனங்களை இழைப்பார்கள். அஸகுஸா பகுதியில் இகோமா ராயூ என்று ஒரு ஜாம்பவான் இருந்தார். படத்தின் முடிவில் அவர் வசந்த காலத்தை வருணித்து இசைபோலச் சொன்ன வார்த்தைகளை டோக்கியோ நகரத்து மக்கள் மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தார்கள். அதில் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அதுவும் ஒரு கலையே. ஆனால் முஸே அந்த வழியிற் போகவில்லை. அவர் பேசிய அவோய்கான் கொட்டகைக்கு மாணவர்களும் படித்தவர்களும் அதிகமாக வந்தார்கள். அயல்நாட்டுப் படங்களை அவர்கள் ஊன்றிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் முஸே சாதாரணப் பேச்சு நடையில், தாழ்ந்த குரலில், குறைவாகப் பேசினார். படத்திலுள்ள மனிதர் முகத்தாலேயே சொல்லிவிட்டதை அவர் மறுபடியும் வாயாற் சொல்வதில்லை. 1921-ஆம் ஆண்டில் 'டாக்டர் காலிகரியின் அறை' என்ற ஜெர்மன் படம் ஜப்பானுக்கு வந்தது. கோணல் மாணலாக வரைந்த தெருக்கள், சாய்ந்த சுவர்கள், சித்தப்பிரமை கொண்ட ஒருவன் சொல்லும் கதை. இப்படிப்பட்ட படத்துக்கு அலங்கார வசனம் சொன்னால் அது கேலிக்கூத்தாகிவிடும். முஸேயின் அடக்கமான நடை அந்தப் படத்துக்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது. அவருடைய கீர்த்தி நிலைத்தது. பிறகு ஷின்ஜுகு பகுதியிலிருந்த பிரசித்தமான 'முஸாஷினோகான்' கொட்டகையில் முதன்மையான பென்ஷியானார்.

கூடவே ஒரு தீமையும் வளர்ந்தது, அதை மறைப்பதற்கில்லை. முஸே பெருங்குடியர். குடித்துவிட்டு மேடைக்கு வந்த நாட்களும் உண்டு. இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே கூசாமல் எழுதிவைத்திருக்கிறார்.

1929-ஆம் வருஷம் மே மாதத்தில், அவர் பேசிவந்த அதே முஸாஷினோகான் கொட்டகையில், முதல் அயல்நாட்டுப் பேசும் படங்கள் திரையிடப்பட்டன. திரை தானே பேசியது. அந்நிய பாஷையாயிற்றே, ஜனங்களுக்கு எப்படி விளங்கும் என்று பென்ஷிகள் சற்றுத் தைரியமாயிருந்தார்கள். டாக்கி ஓடும்போதே ஒலியைக் குறைத்துவிட்டு அதன்மேல் பேசியும் பார்த்தார்கள். 1931-இல் 'மொரோக்கோ' என்ற அமெரிக்கப் படம், திரையிலேயே ஜப்பானிய எழுத்தில் வசனத்தைப் பொறித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அதே வருஷத்தில் ஜப்பானிலேயே தயாரான பேசும் படமும் வெளிவந்து வெற்றி பெற்றது. இனிப் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன வேலை? முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். பென்ஷிகளையும் வாத்தியக்காரர்களையும் கூட்டங்கூட்டமாக நீக்கத் தொடங்கினார்கள். 1932-இல் பென்ஷிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது தோற்றது. தோற்காமல் என்ன செய்யும்? கூலி குறைவென்று நிறுத்தம் செய்தால் பேரம் பேசலாம். நீயே வேண்டாம் என்று சொல்லும் யந்திரத்தோடு என்ன பேரம் பேசுவது?

இந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஸுடா டெய்மே என்ற இளம் பென்ஷி. அயல்நாட்டுப் படங்களுக்கு அழகாக விளக்கம் சொல்பவர் என்று பெயரெடுத்தவர். இலக்கியப் பித்தர். அவருடைய உண்மைப் பெயர் ஹெய்கோ குரோஸாவா. தொழிலும் போயிற்று, போராட்டமும் தோற்றது. 1933-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்கு ஒரு தம்பி. நல்ல படங்களை எல்லாம் அண்ணன் சொல்லித்தான் தம்பி பார்த்தான். நல்ல புஸ்தகங்களையும் அப்படியே படித்தான். அந்தத் தம்பிதான் பின்னால் 'ராஷோமோன்' படத்தை எடுத்து உலகமெங்கும் புகழ் பெற்ற அகிரா குரோஸாவா. 1938-இல் வெளிவந்த 'கட்டுரை வகுப்பு' என்ற படத்தில் அகிரா உதவி டைரக்டர். ஏழைத் தகப்பனாக நடித்தவர் முஸே. ஒருநாள் முஸே அந்த இளைஞரை உற்றுப் பார்த்தாராம். அண்ணனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய். ஆனால் அவன் நெகடிவ், நீ பாஸிடிவ் என்ற கருத்துப்படச் சொன்னாராம். அதைக் குரோஸாவா கடைசிவரை மறக்கவில்லை. போட்டோப் படத்தில் நெகடிவ் இல்லாமல் பாஸிடிவ் ஏது? அண்ணன் என்ற நிழற்படத்திலிருந்து பிறந்த ஒளிப்படமே தாம் என்று அவர் தம் சுயசரிதையில் எண்ணிப் பார்க்கிறார்.

ஒரே வெள்ளத்தில் ஒருவர் மூழ்கினார், ஒருவர் கரையேறினார். முஸே எப்படிக் கரையேறினார்? அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அவர் கரங்கள் பல துடுப்புக்களைப் பிடித்திருந்தன. டாக்கி வருவதற்கு முன்பிருந்தே, பென்ஷி நண்பர்களோடு சேர்ந்து 'மன்டான்' என்னும் ஹாஸ்யப் பேச்சு மேடைகளில் தோன்றியிருக்கிறார். 1933-இல் அஸகுஸாவில் 'சிரிப்பு ராஜ்யம்' என்ற நாடகக் கோஷ்டியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1937-இல் 'புங்ககுஸா' என்ற புதுமை நாடகச் சபை உதித்தபோது அதிலும் சேர்ந்தார். பத்திரிகைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதினார். படங்களில் நடித்தார். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருந்தது என்பது என் அபிப்பிராயம். தாளத்தோடு வசனம் இழைத்தவர்களுக்குப் படம் வேண்டும், வாத்தியம் வேண்டும், நிறைந்த கொட்டகை வேண்டும். குறைவாகப் பேசப் பழகியவருக்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு மைக், கேட்பதற்கு ஒரு காது இருந்தால் போதும். அந்த அறை 1925-லேயே ஜப்பானில் தயாராகிவிட்டது. அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் அங்கே ரேடியோ ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

கொட்டகையில் பென்ஷிக்குப் படம் துணை. ரேடியோவில் அதுவும் இல்லை. கேட்பவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கடல் தெரிய வேண்டும். வாள் மின்ன வேண்டும். இரண்டு வீரர்களுக்கு இடையிலுள்ள பத்தடி மணல் தெரிய வேண்டும். 1939-ஆம் வருஷத்தில் முஸே ரேடியோவில் வாசிக்கத் தொடங்கிய நூல் யோஷிகாவா எய்ஜியின் 'மியாமோட்டோ முஸாஷி'. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வாள்வீரன் ஒருவனைப் பற்றிய நீண்ட நாவல் அது. 1935 முதல் 1939 வரையில் 'அஸாஹி' தினசரியில் தொடராக வந்து தேசத்தையே கட்டிப்போட்டது. ஏற்கனவே லக்ஷக்கணக்கானவர் படித்துவிட்ட கதை. முடிவு எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் முஸே வாசிக்கும் நேரத்தில் வீடுகளில் ரேடியோப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன என்று அவரே ஒரு புஸ்தகம் எழுதியிருக்கிறார். 'வஜுட்ஸு', அதாவது பேச்சுக் கலை என்பது அதன் பெயர். யுத்தம் முடிந்தபின் வெளிவந்த அந்தப் புஸ்தகம் ஜப்பானில் இன்றும் வாசிக்கப்படுகிறது. குரலை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்பதைப் பற்றியெல்லாம் அதில் பேசுகிறார். ஆனால் அவர் சிகரமாக வைப்பது 'மா' என்னும் ஓரெழுத்துச் சொல்லை. 'மா' என்றால் இடைவெளி. இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்துக்கும் அந்தச் சொல்தான். இரண்டு சொற்களுக்கு நடுவிலுள்ள நிசப்தத்துக்கும் அதுதான். பேச்சின் உயிர் பேசுகிற இடத்தில் இல்லை, பேசாமல் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆனால் வெறுமே நிறுத்துவதில் பயனில்லை. மூச்சு வாங்குவதற்காக நிற்பவர் உண்டு. அடுத்த வார்த்தை மறந்து நிற்பவரும் உண்டு. அவையெல்லாம் ஓட்டைகள். கேட்பவன் மனத்தில் சித்திரம் எழுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம், அதற்கு ஒரு கணம் கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டும். பேச்சுக் கலையே 'மா'வின் கலைதான் என்று சொல்லி, அந்தத் தொடர் ஜப்பானிய மொழியில் மாயவித்தை என்றும் ஒலிப்பதைக் காட்டி அவர் வேடிக்கை செய்வதுண்டு. வகுப்பில் ஒரு மணி நேரமும் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று அங்கலாய்க்கும் எங்கள் வர்க்கத்தார் அந்தப் புஸ்தகத்தின் இந்தப் பகுதியையாவது படித்தால் குற்றமில்லை.

ஆனால் இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்துபோக முடியாது. அவர் வாசித்தது எந்தக் காலத்தில்? 1937 முதல் ஜப்பானியப் படைகள் சீன மண்ணில் அழிவு செய்துகொண்டிருந்தன. 1941 டிஸம்பரில் யுத்தம் பஸிபிக் சமுத்திரம் முழுவதும் பரவிற்று. உயிரைத் துரும்பாக மதிக்கும் வாள்வீரனின் கதை அப்போது ஆட்சி செய்தவர்களுக்கு உவப்பாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கதையை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுசேர்த்தது முஸேயின் மென்மையான குரல். யுத்தப் பிரசங்கிகளின் முழக்கத்தைவிட இத்தகைய குரல் ஆழமாக இறங்கும். அவர் வெறியர் அல்லர். ஆனால் எதிர்த்து நின்றவரும் அல்லர். கொடுத்த வேலையைச் செய்தார். 1942 இறுதியில், ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூருக்கு, சிப்பாய்களை மகிழ்விக்கும் கலைஞர்களில் ஒருவராக அவரை அனுப்பினார்கள். அங்கே ஆங்கிலேயரிடமிருந்து பறிமுதல் செய்த படச்சுருள்களில் 'காற்றோடு போயிற்று' என்ற அமெரிக்க வர்ணப் படம் அகப்பட்டிருந்தது. ஜப்பானிய ஜனங்கள் கண்ணாற் காணாத படம். முஸே அதைப் பார்த்தார். திரைக்குப் பக்கத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவருக்கு, அப்படி ஒரு படத்தை எடுக்கக்கூடிய தேசத்தின் பலம் எத்தகையது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது.

யுத்தம் முழுவதும் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1960-இல் அது அச்சாயிற்று. பெருஞ்செயல்களின் சரித்திரம் அன்று அது. டோக்கியோ நகரின் ஓகிகுபோ பகுதியில், குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதும்போது ஒரு குடும்பம் என்ன செய்தது, என்ன சாப்பிட்டது, எங்கே கொஞ்சம் மது கிடைத்தது, யாருடைய வீடு எரிந்தது என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஜப்பானியக் குடிமகனின் வாழ்க்கையை அறிய விரும்பும் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். 1945 ஆகஸ்டு 15-ஆம் தேதி, சரணடைவதை அறிவிக்கும் சக்கரவர்த்தியின் குரல் ரேடியோவில் வந்தது. ஜனங்கள் அதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அரண்மனை நடையிலுள்ள வார்த்தைகள் பலருக்கு விளங்கவில்லை. தேசத்தின் கதி நிர்ணயமான அந்த வேளையிலும் முஸேயின் செவி தன் தொழிலை விடவில்லை. அந்தக் குரல் எவ்வளவு தூய்மையானது என்று குறித்துவைத்தார்.

மூன்றரை வருஷத்துக்குப் பிறகு, 1949 பிப்ரவரியில், அதே சக்கரவர்த்தியின் முன்னால் உட்கார்ந்து பேச அவருக்கு அழைப்பு வந்தது. பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர் டட்ஸுனோ யுடாக்காவும், கவி ஸாடோ ஹாச்சிரோவும் உடன் சென்றார்கள். மூவரும் தங்கள் வாலிபக் கூத்துக்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். 'புங்கே ஷுன்ஜு' பத்திரிகை அந்தச் சந்திப்பின் வர்ணனையை, 'சக்கரவர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்' என்ற தலைப்பில் வெளியிட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் தெய்வம் என்று சொல்லப்பட்டவர் சிரிக்கிறார் என்பதே அப்போது பெரும் செய்தி. ரகுகோ மேடையேறி நாலுபேரைச் சிரிக்கவைப்பது இழிவு என்று தடுத்த தகப்பனாரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பிறகு வந்த வருஷங்கள் அவருக்குப் பொற்காலம். 1946 இறுதியில் தொடங்கிய 'பேச்சு ஊற்று' என்ற ரேடியோ வினாவிடை நிகழ்ச்சியில் அவர் நிரந்தர அங்கத்தினர். 1951 முதல் 1958 வரையில் 'ஷூகான் அஸாஹி' வாரப் பத்திரிகைக்காக, மந்திரி முதல் மல்யுத்த வீரர் வரையில் பலதரப்பட்டவர்களோடு சம்பாஷணை நடத்தினார். அதிலும் அவருடைய வித்தை பழைய வித்தைதான். தாம் குறைவாகப் பேசி எதிரே இருப்பவரைப் பேசவிட்டார். 1953-இல் டெலிவிஷன் வந்தது. இருட்டில் முகம் தெரியாது என்று அனுப்பிவைக்கப்பட்டவரின் வட்ட முகம் வீட்டுக்கு வீடு தெரிந்தது. 1965-இல் டோக்கியோ நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜை பட்டம் அளித்தது.

1971 ஆகஸ்டு முதல் தேதி அவர் காலமானார். படுக்கையில் மனைவியைப் பார்த்து, நாம் நல்ல தம்பதியாக இருந்தோம் என்ற பொருள்படச் சொன்னதே அவருடைய கடைசிப் பேச்சு என்கிறார்கள். பென்ஷிக் கலையும் அவரோடு முற்றிலும் போய்விடவில்லை. மட்ஸுடா ஷுன்ஸுய் என்பவர் பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1987-இல் இறக்கும்வரையில் அந்தக் கலையைக் காப்பாற்றினார். அவருடைய சிஷ்யை ஸவாட்டோ மிடோரி முதலிய சிலர் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். பென்ஷிகளைப் பற்றி 2019-இல் ஒரு ஜப்பானியப் படமே வெளிவந்தது. முஸே வாசித்த 'முஸாஷி'யின் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. வாள் உறையிலிருந்து வெளியே வருமுன் அவர் ஒரு கணம் நிறுத்துகிறார். ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கும் அந்த இடம் விளங்கிவிடும்.